மண்கோட்டைப் பூங்காவில் ராத்தா

1

என் அக்கா, எங்கள் பேச்சில் ராத்தா, கொரியாவில் வந்து இறங்கியதும் அவர் காதில் விழுந்த முதல் தமிழ்ச் சொல், தமிழே இல்லை. வருகை வாசலில் என்னோடு நின்ற என் மகள் ஹனா, "அப்பா, மாமி வாறாங்க" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ராத்தா தள்ளுவண்டியை நிறுத்தி எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டில் தகப்பன் வாப்பா; அப்பா என்றால் வாப்பாவின் வாப்பா. அவர் மௌத்தாகி இருபது வருடத்துக்கு மேலாகிறது.

"எந்த அப்பாவ கூப்பிடுறா புள்ள?"

"என்னத்தான் ராத்தா."

"உனக்கு அதுக்குள்ள பேரப்புள்ளயும் கிடைச்சிட்டா?"

கொரிய மொழியில் தகப்பனுக்கு அப்பா என்றுதான் சொல்வார்கள் என்று விளக்கினேன். ஹனா ஐந்து வயதில் இங்கே வந்தாள். பாலர் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு ஆறே மாதத்தில் என்னை வாப்பாவிலிருந்து அப்பாவாக்கிவிட்டாள். என் மனைவி ரிஸானாவுக்கு அதிர்ஷ்டம். தாய்க்கு இவர்கள் ஒம்மா என்பார்கள். அது உம்மாவுக்கு அவ்வளவு கிட்ட இருப்பதால் மகள் எந்த மொழியில் கூப்பிடுகிறாள் என்பது அவளுக்குத் தெரிய வருவதில்லை.

இதை வாசிக்கும் ஊர்க்காரர்களுக்கு என்னைத் தெரிந்திருக்கலாம். கல்பிட்டிக்குக் கிட்ட குறிஞ்சிப்பிட்டியில் பள்ளிவாசலுக்குப் பின் ஒழுங்கையில், வெங்காயம் பயிரிட்ட ஹமீதுவின் கடைசி மகன். இந்த மாதத்தோடு இந்த நாட்டுக்கு வந்து பதினான்கு வருடம். தெற்குப் பக்கத்து நகரம் ஒன்றில், கார்க் கதவு ஓரங்களுக்கு ரப்பர் செய்யும் தொழிற்சாலையில் வேலை. முதல் எட்டு வருடம் தனியாகத்தான் இருந்தேன். ஹனா பிறந்ததைத் தொலைபேசித் திரையில் பார்த்தேன். கையில் தூக்கும்போது அவளுக்குப் பத்தொன்பது மாதம். பிறகு மொழிப் பரீட்சை எழுதி, வேறு விசாவுக்கு மாறி, இருவரையும் கூப்பிட்டுக்கொண்டேன்.

அப்படிப் பாடுபட்டுக் கூப்பிட்ட மகளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லித்தான் ராத்தாவை வரவழைத்திருந்தேன்.

2

ஒரு கோப்பைத் தேநீரில் தொடங்கிய விஷயம் இது. போன கோடையில் ஒரு நாள் ஹனா சூடான தேநீரைத் தன் கையில் ஊற்றிக்கொண்டாள். "துகொவொ" என்று கத்தினாள். சுடுகிறது என்று அர்த்தம். ரிஸானா அலுமாரியில் மருந்து தேடி ஓடினாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். காயம் சின்னதுதான். ஆனால் வலித்தபோது அவள் வாயில் முதலில் வந்தது எங்கள் மொழியில்லை.

அதற்குப் பிறகு எல்லாமே கண்ணில் பட்டது. நாங்கள் தமிழில் கேட்பதற்கு அவள் கொரிய மொழியில் பதில் சொன்னாள். ஊரிலிருந்து யாராவது தொலைபேசியில் வந்தால், "சுகம், நீங்க சுகமா" என்பதோடு தொலைபேசியை உம்மாவிடம் கொடுத்தாள். வயது பதினொன்று. இன்னும் இரண்டு வருடம் போனால் பிடித்து நிறுத்த முடியாது என்று நினைத்தேன். புத்தளத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் சேர்த்து ராத்தா வீட்டில் விட்டால், மொழியும் மார்க்கமும் தங்கும். ரிஸானாவிடம் சொன்னேன். "உங்கட விருப்பம்" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ராத்தா வருவதற்கு இரண்டு கிழமைக்கு முன், ஹனாவின் வதிவிட அட்டையைப் புதுப்பிக்கக் குடிவரவுக் கந்தோருக்குப் போனோம். அங்கே ஒவ்வொரு முறையும் ஒரே சிக்கல்தான். என் அட்டையில் வாப்பாவின் பெயர் முன்னால் இருக்கும். அதனால் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாக என்னை ஹமீது என்றே கூப்பிடுகிறார்கள். என் வாப்பாவின் பெயருக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஹனாவின் அட்டையில் முன்னால் இருப்பது என் பெயர். தகப்பனுக்கு ஒரு குடும்பப் பெயர், மகளுக்கு இன்னொன்றா என்று அதிகாரி கேட்டார். ஹனா மேசையில் முழங்கையை ஊன்றி, எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றும் கிடையாது, ஒவ்வொருவரும் தங்கள் தகப்பன் பெயரைத் தூக்கிக்கொண்டு திரிகிறோம் என்று விளக்கினாள். அவர் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் ஒருவர் படிப்புக்காக நெடுங்காலம் வெளிநாடு போனால் என்னவாகும் என்று கேட்டேன். கேள்வியைப் பாடமாக்கி வைத்திருந்தேன். பதில்தான் விளங்கவில்லை. கந்தோர் மொழி எனக்கு ஓடாது. வழக்கம்போல மகளைப் பார்த்தேன்.

"ஒரு வருசத்துக்கு மேல வெளியில இருந்தா அந்த அட்டை செல்லாது. பிறகு திரும்பி வாறது கஷ்டம்" என்றாள். பிறகு, "ஆருக்கு அப்பா?" என்றாள்.

"சும்மா கேட்டன்."

பஸ்ஸில் அவள் புது அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. அது எனக்கும் தெரிந்தது.

3

ராத்தா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனார். மச்சான், அதாவது அவருடைய கணவர், கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம் அது. இரண்டு வயது மகள் பஸ்மியாவை எங்கள் உம்மாவிடம் விட்டுவிட்டு, பாலாவியில் நின்ற வேனில் ஏறினார். தம்மாமில் ஒரே வீட்டில் நான்கு வருடம் இருந்துவிட்டு வந்தார். மூன்று மாதம் நின்று மறுபடி போனார். எங்கள் வீட்டுக்குக் கூரை போட்டதும், நான் கொரிய மொழி வகுப்புக்குப் போனதும் அவருடைய உழைப்பில்தான்.

அவர் முதல் தடவை திரும்பி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீடு நிறையச் சனம். ஆறு வயதுப் பஸ்மியா எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்து, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இரிங்க" என்றாள். பிறகு குசினிக்குப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என்ன மரியாதையான பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சிரித்தேன். ராத்தா கதிரையில் உட்கார்ந்து அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

இதையெல்லாம் நான் மறக்கவில்லை. ஆனாலும் ஹனாவை அனுப்ப நினைத்தபோது இது என் மனதில் எழவே இல்லை.

4

ராத்தா வந்தபின் மூன்றாவது சனிக்கிழமை ஹனாவின் முறை வந்தது. எங்கள் நகரத்தின் நடுவில் பழைய மண்கோட்டை ஒன்று இருக்கிறது. அதைப் பூங்காவாக்கி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் பாடசாலைப் பிள்ளைகள் மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்கு அதன் வரலாற்றைச் சொல்வார்கள். ஹனாவின் வகுப்பில் ஐந்து பேரைத் தெரிந்தெடுத்திருந்தார்கள்.

"மாமியும் உம்மாவும் முன்னால நிக்கலாம். அப்பா பின்னால நில்லுங்க. கேள்வி கேக்கக் கூடாது" என்று காலையிலேயே உத்தரவு வந்துவிட்டது.

அதற்கு நியாயம் இருந்தது. தொழிற்சாலையில் நான் கற்றது மேற்பார்வையாளர் எங்களை விரட்டிய மொழி. வா, தூக்கு, அங்கே வை. போன வருடம் பாடசாலைக் கூட்டத்தில் அவளுடைய ஆசிரியையை மரியாதையாகக் குனிந்து வணங்கி, சாப்பிட்டீர்களா என்று நலம் கேட்கப் போய், "என்ன, திண்டியா?" என்ற மாதிரிக் கேட்டுவைத்தேன். ஹனா இரண்டு நாள் பாடசாலைக்குப் போக மறுத்தாள்.

பூங்காவில் இலையுதிர் காலம். மண்மேட்டின் மேலே மரங்கள் மஞ்சளாக நின்றன. ராத்தா அபாயாவுக்கு மேல் என்னுடைய பஞ்சு ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினார். பச்சையும் சிவப்புமாகச் சாயம் பூசிய மரவாசலைப் பார்த்து நின்றார்.

"காசு எடுக்கிறல்லயா உள்ளுக்குப் போக?"

"இல்ல ராத்தா."

"எங்கட கல்பிட்டிக் கோட்டைக்குள்ள நேவி இரிக்கிறான். ஊருக்குள்ளயே பொறந்து நான் ரெண்டு தடவதான் உள்ள போயிருக்கேன். இங்க பாரு, கிழவன்மார் பாய் விரிச்சிப் படுத்திருக்காங்க."

உள்ளே புல்வெளி ஓரத்தில் கருங்கல்லில் செதுக்கிய பெரிய ஆமை. அதன் முதுகில் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு கல்வெட்டு. ராத்தா ஆமையின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"பாவம், முதுகுல இவ்வளவு பாரமா?"

"மாமி, தொடக் கூடாது" என்றாள் ஹனா. மஞ்சள் அங்கியில் அவள் வேறு ஒருத்தியாகத் தெரிந்தாள்.

இருபது பேர் போலக் கூடினார்கள். ஹனா குனிந்து வணங்கித் தன் பெயரைச் சொன்னாள். கொரிய மொழியில் ஹனா என்றால் ஒன்று. ஒரு சின்னப் பையன் உடனே "தூல், செத்" என்று இரண்டையும் மூன்றையும் சேர்த்தான். "ஓம், எல்லாரும் அப்படித்தான் எண்ணுவாங்க. எண்ணி முடிங்க, நான் நிக்கிறேன்" என்று அவள் சொல்ல, கூட்டம் சிரித்தது. நான் ராத்தாவுக்குப் பின்னால் நின்று மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மண்ணைக் குவித்துக் கோட்டை கட்டிய கதையைச் சொன்னாள். ஆமை நெடுநாள் வாழும் என்பதால் பெரியவர்களின் பெயர் நிலைக்கட்டும் என்று கல்லை அதன் முதுகில் வைத்தார்கள் என்றாள். பிறகு ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்துக்கு வந்தாள். இந்தப் புல்வெளியில் அவர்கள் தங்கள் கோயிலைக் கட்டியதையும், பாடசாலைப் பிள்ளைகளை வரிசையாகக் கொண்டுவந்து வணங்கச் செய்ததையும் சொன்னாள். பிள்ளைகளின் பெயரை மாற்றினார்கள், வகுப்பில் கொரிய மொழி கதைத்தால் தண்டனை கொடுத்தார்கள் என்றாள். அந்த இடத்தில் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. அது எழுதிக் கொடுத்ததா, அவளுடையதா என்று எனக்குத் தெரியவில்லை.

"பிறகு எப்படி மறக்காம வச்சிக்கிட்டாங்க?" என்று ராத்தா கேட்டார்.

"வீட்டுல கதைச்சிருப்பாங்க" என்றேன்.

"வீட்டுல எண்டா, உம்மா வாப்பாவோட" என்றார் ராத்தா.

5

முதல் குழு போனதும் புல்வெளிக்கு அப்பால் இருந்த எண்கோண மண்டபத்தில் ஏறி உட்கார்ந்தோம். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். அது ராத்தாவுக்குப் பிடித்துக்கொண்டது. ரிஸானா கொண்டுவந்த ரொட்டியைப் பிரித்து அவர் பிஸ்மி சொல்லி வாயில் வைத்தபோது, தூணோடு சாய்ந்து சதுரங்கம் போன்ற ஒன்றை ஆடிக்கொண்டிருந்த ஒரு முதியவர் திரும்பிப் பார்த்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார்.

ராத்தா பதில் சலாம் சொன்ன வாயை மூடாமல் என்னைப் பார்த்தார். முதியவர் காய்களை விட்டுவிட்டுத் தவழ்ந்து கிட்ட வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். மார்பில் தட்டி, "ஜுபைல். சுக்ல். பஹ்ர்" என்றார். ஜுபைல், வேலை, கடல்.

"சவூதியில, ஜுபைல்ல துறைமுகம் கட்ட வந்தவர் போல" என்றார் ராத்தா. பிறகு தம்மாம் என்று தன்னைக் காட்டி அரபியில் சரசரவென்று கதைக்கத் தொடங்கினார். முதியவருக்கு அவ்வளவு தெரியாது. அவருக்குத் தெரிந்தது வேலைத்தள அரபி, நாற்பது ஐம்பது சொற்கள். மாஃபி, போக்ரா, சதீக். இல்லை, நாளைக்கு, கூட்டாளி. ஆனால் வெயிலைப் பற்றியும், மணல் காற்றைப் பற்றியும், சம்பளம் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லும் முதலாளியைப் பற்றியும் கதைக்க அது போதுமாக இருந்தது. பதினான்கு வருடத்தில் இந்த நாட்டுக்காரர் ஒருவர் எங்கள் வீட்டு மனிதரோடு இப்படிச் சிரித்துக் கதைத்து நான் பார்த்ததில்லை. எனக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை.

ஹனா தண்ணீர் குடிக்க ஓடிவந்தாள். முதியவர் அவளைப் பார்த்ததும் கொரிய மொழிக்கு மாறினார். ராத்தா, "என்ன சொல்றார், மாமிக்குச் சொல்லுங்க" என்று அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

ஹனா ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். "இவர் போகக்குள்ள மகனுக்கு நூறு நாள். மூணு வருசம் வரல்ல. பிறகு வந்தாராம். சூட்கேஸ் நிறைய விளையாட்டுச் சாமான். மகன் வாசல்ல நிண்டானாம். இவரப் பாத்து அஜொஷி எண்டு கூப்பிட்டானாம்."

"அப்படியெண்டா?"

"தெரியாத ஆம்பிளைக்குச் சொல்றது மாமி. கடையில, பஸ்ஸில."

"இப்ப மகன் எங்கயாம்?"

ஹனா கேட்டுச் சொன்னாள். "தலைநகரத்துல. நல்ல பிள்ளையாம். மாசா மாசம் வாறாராம். பழம் கொண்டு வாறாராம்." கொஞ்சம் தயங்கி முதியவரை மறுபடி கேட்டாள். "வந்தா ரெண்டு மணித்தியாலம் இருப்பாராம். போகக்குள்ள கும்பிட்டுட்டுப் போவாராம்."

ஆசிரியை அவளைக் கூப்பிட்டார். அடுத்த குழு வந்துவிட்டது. அவள் சப்பாத்தை அரைகுறையாக மாட்டிக்கொண்டு ஓடினாள். முதியவர் ராத்தாவிடம் "போக்ரா" என்று கையை அசைத்துவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பினார்.

ராத்தா கையிலிருந்த ரொட்டியை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை எனக்குத் தந்தார்.

"தம்பி, பஸ்மியா என்ன நல்லாப் பாக்கிறா. தெரியுந்தானே? வருத்தமெண்டா புத்தளத்துல இருந்து ஓடி வருவா. சாப்பாடு கொண்டு வருவா. ஊர்ல எல்லாரும் சொல்றாங்க, இப்பிடி ஒரு மகள் கிடைக்கணுமெண்டு."

"ஓம் ராத்தா."

"ஒரு நாள்கூட என்னோட சண்டை பிடிச்சதில்ல. எங்கட உம்மாவோட என்ன மாதிரிச் சண்டை பிடிப்பா. சட்டியத் தூக்கி எறிஞ்சிருக்கா. உம்மா மௌத்தாகக்குள்ள மூணு நாள் சாப்பிடல்ல. என்னோட ஒரு சொல் கூடக் குறையக் கதைக்கல்ல. வீட்டுக்கு வந்தவங்களோட ஆரு சண்டை பிடிக்கிற?"

ராத்தா ரிஸானாவின் பக்கம் திரும்பினார்.

"ரிஸானா, நீங்க சொல்லுங்க. புள்ளய நான் கூட்டிட்டுப் போகவா?"

"அவங்கட விருப்பம் மதினி."

"அவன்ட விருப்பத்த நான் கேக்கல்ல. அது எனக்குத் தெரியும்."

ரிஸானா ரொட்டி சுற்றி வந்த தாளைச் சின்னதாக மடித்துக்கொண்டே இருந்தாள். "வேணாம் மதினி" என்றாள். பிறகு முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். இத்தனை மாதமாக அவள் மனதில் என்ன இருந்தது என்று நான் கேட்டதே இல்லை. "உங்கட விருப்பம்" என்று அன்று அவள் சொன்ன இரண்டு சொல்லும் எனக்கு வசதியாக இருந்ததால் அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

"நான் தனியாத்தான் போறேன்" என்றார் ராத்தா. "லீவுக்கு அனுப்புங்க. ஒரு மாசம், ரெண்டு மாசம். உச்சமுனைத் தீவுக்கு வள்ளத்துல கூட்டிட்டுப் போறேன். வெயில்ல கறுத்துப் போய்த் திரும்பி வரட்டும். வளக்கிறதெல்லாம் நீங்க வளங்க. என்னால ஏலாது. அதுக்கு எனக்கு மனசு இல்ல." பிறகு என்னைப் பார்த்து, "புள்ளைக்கு நீயே சொல்லு. அவளுக்குத் தெரியும் நான் என்னத்துக்கு வந்தேனெண்டு. வந்த நாள்ல இருந்து என்ட பெட்டியப் பாத்துப் பாத்துப் போறா" என்றார்.

6

ஹனா அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்ததும், மற்ற இருவரையும் முன்னால் நடக்கவிட்டு அவளை மரவாசலுக்குக் கீழே நிறுத்தினேன். தமிழில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் கொரிய மொழியில் சொன்னேன். நீ போகவில்லை, இங்கேதான் இருக்கப் போகிறாய் என்றேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்தது ஒரே சொல்தான். தொழிற்சாலையில் ஏதாவது உடைந்தால் சொல்வது. அதில் எழுவாய் கிடையாது. தப்புச் செய்தாய் என்றும் வரும், தப்புச் செய்தேன் என்றும் வரும்.

அவள் புருவத்தைச் சுருக்கினாள். "யாரு?"

"நான்" என்றேன். நான் என்பதற்கு அந்த மொழியிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான்.

அவள் இறங்கி நடந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். கட்டிப்பிடிப்பாள் என்றும் ஒரு நினைப்பு இருந்தது. பஸ்ஸில் ஏறிக் கடைசி வரிசையில் நால்வரும் உட்கார்ந்ததும்தான் தொடங்கினாள்.

"எனக்கு விளங்காதெண்டு நினைச்சீங்களா? என்ட விஷயத்த என்ட வாயாலேயே கேட்டீங்க அந்தக் கந்தோர்ல. எனக்கு எவ்வளவு வெக்கம் தெரியுமா? கூட்டாளிமாருக்குக் கூடச் சொல்லல்ல. என்னக் கேக்காம ஏன் முடிவெடுத்தீங்க? நான் என்ன பெட்டியா அங்க இங்க அனுப்ப?"

பஸ்ஸில் இருப்பவர்களுக்கு விளங்கக் கூடாது என்பதற்காகத் தமிழில் ஏசினாள். சொல் கிடைக்காத இடத்தில் ஒரு கொரியச் சொல்லைப் போட்டுத் தாண்டி, மறுபடி தமிழுக்கு வந்தாள். முன்னால் இருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரிஸானா அவள் முழங்காலில் கை வைத்து அடக்கப் போனாள்.

"விடுங்க ரிஸானா, ஏசட்டும்" என்றார் ராத்தா. சிரித்தபடி என் பக்கம் சாய்ந்து, "புள்ளைக்குத் தமிழ் போயிட்டு எண்டியே. நல்லாத்தானே கதைக்கிறா" என்றார்.

அது ஹனாவின் காதில் விழுந்துவிட்டது. அவள் முகம் சிவந்து ராத்தாவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சிரிக்க வேணாம் மாமி. நீங்களும் என்னக் கூட்டிட்டுப் போகத்தானே வந்தீங்க. என்னட்ட ஒரு சொல் சொன்னீங்களா?"

என் ராத்தாவை எதிர்த்து வீட்டில் யாரும் இப்படிக் கதைத்ததில்லை. அவருடைய சொந்த மகளும் கதைத்ததில்லை. நான் பயந்து ஹனாவின் தோளைத் தொட்டேன். ராத்தா என் கையைத் தட்டிவிட்டார். ஜக்கெட்டின் முன்பக்கத்தை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஓம், வந்தேன். இப்ப என்ன? வந்த நாள்ல இருந்து நீங்களும்தான் ஒண்டும் கேக்காம மூஞ்சத் தூக்கிட்டுத் திரிஞ்சீங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"நான் ஏன் கேக்கணும்? பெரிய ஆக்கள்தான் சொல்லணும்."

"வாய் இரிக்குத்தானே?"

"உங்களுக்கும் இரிக்குத்தானே?"

இறங்க வேண்டிய தரிப்பு வந்து போனது. மணியை அடிக்க எனக்கு மனமில்லை. ரிஸானாவும் அதைக் கவனித்துவிட்டுக் கையை மடியிலேயே வைத்திருந்தாள். மாமியும் மருமகளும் மூக்குக்கு மூக்கு நேராக உட்கார்ந்து, ஒருவர் சொல்லை மற்றவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ராத்தாவின் குரல் உயர்ந்துகொண்டே போனது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.